மறதி உள்ள பெரியவர்களுக்கு ஜிபிஎஸ்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, நான் சென்னையில், அப்பா ஊரில். மறதி நோய், இரண்டு தடவை வழி தெரியாமல் போய்விட்டார். ஆப்பிளின் ஏர்டேக் (பொருளைத் தேட உதவும் சிறு வில்லை) போதுமா?

பதில்: போதாது தம்பி. அதில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் யாராவது ஐபோன் வைத்திருந்தால்தான் இடம் தெரியும், நம் கிராமங்களில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, அதனால் அவர் வயக்காட்டுப் பக்கம் இறங்கிவிட்டால் மேப்பில் கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். அப்புறம், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பல மணி நேரம் ஆனால் அதுவே சத்தம் போடும், அப்பா எரிச்சலில் தூக்கி எறிந்துவிடுவார். சிம் போடுகிற ஜிபிஎஸ் கருவி வாங்குங்கள். அது 4ஜியா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த பல கருவிகள் 2ஜி மட்டும்தான், ஜியோவில் 2ஜியே கிடையாது.

கேள்வி: அம்மா கட்டிலில் படுத்திருக்கிறார், மேப்பில் அடுத்த தெருவில் காட்டுகிறது. கருவி பழுதா சார்?

பதில்: பழுது இல்லை. கான்கிரீட் கூரைக்குள் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது, அப்போது செல்போன் டவரை வைத்துக் குத்துமதிப்பாக இடம் சொல்லும். எல்லை வட்டத்தை (அவர் அதைத் தாண்டினால் உங்கள் போனில் அலாரம் அடிக்கும்) 50 மீட்டரில் வைக்காமல் 200 மீட்டராக்குங்கள். பொய் அலாரம் தினமும் அடித்தால் ஒருநாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள், அன்றைக்குத்தான் அம்மா வெளியே போவார். வாசல் கதவிலும் ஒரு சென்சார் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: மாமியார் கழுத்தில் போட்டால் கழற்றிவிடுகிறார்.

பதில்: புதுப்பொருள் என்றாலே கழற்றுவார்கள். அவர் தினமும் இடுப்பில் செருகுகிற சுருக்குப்பை இருந்தால் அதன் அடியில் துணி வைத்துத் தைத்து உள்ளே போடுங்கள், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் வழக்கம்போல் இடம் இருக்கட்டும். அவர் தூங்கியதும் எடுத்து சார்ஜ் போட்டு, எழுவதற்குள் திரும்ப வையுங்கள். புடவை முந்தானையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரையும் தைத்துவிடுங்கள், சார்ஜ் தீர்ந்தாலும் அது இருக்கும். ஜப்பானில் இருமா நகரில் 2016இல் முதியவர்களின் நகத்திலேயே க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், கழற்றிப் போடும் இந்தத் தொல்லைக்காகத்தான்.

கேள்வி: அவருக்குத் தெரியாமல் வைக்கலாமா?

பதில்: நினைவு தெளிவாக இருக்கும்போதே சொல்லிக் கேட்டுவிடுங்கள். யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெற்றவரை ஒளிந்து கண்காணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: கருவியும் கைவிட்டால்?

பதில்: உடனே அவசர உதவி எண் 112இல் கூப்பிடுங்கள். காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் பொறுக்கச் சட்டம் சொல்லவில்லை. அன்று உடுத்தியிருந்த உடையின் நிறத்தையும், கடைசியாகப் புள்ளி நின்ற இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள், அங்கிருந்து தேட ஆரம்பிப்பார்கள்.