பயிற்சியாளர் மீதான பாலியல் புகார் விசாரணையில் உறுதியானதும் கல்லூரி அணியையே கலைத்துவிட்டார்கள். மற்ற வீராங்கனைகள் என்ன பாவம் செய்தார்கள்?

கேள்வியின் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நீங்கள் அந்த அணியில் ஆடும் பெண்ணாக இருக்க வேண்டும், அல்லது அவளுடைய அப்பாவாக. வேறு யாருக்கும் இவ்வளவு கோபம் வராது. பல்கலைக்கழகப் போட்டிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று வீட்டில் ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். என்ன பாவம் செய்தோம் என்று இதே வார்த்தைகளில் நானும் 2003இல் எங்கள் கல்லூரி முதல்வர் அறை வாசலில் நின்று கேட்டவள்தான். அதனால் நான் செய்த பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கான பதில் அதற்குப் பிறகு வரும்.

அதற்கும் முன்னால், 'பொய்ப் புகாரே கிடையாதா' என்று கீழே எழுத வரப்போகும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. கிடையாது என்று நான் சொல்லவில்லை. கேள்வியில் 'விசாரணையில் உறுதியானது' என்று இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் கல்லூரி மகளிர் கோ-கோ அணியின் தலைவி. ஏரிப் பக்கம் இருக்கும் திருவள்ளுவர் சிலை அப்போது மூடியே கிடந்தது. 1991இல் வைத்த சிலையை 2009இல்தான் திறந்தார்கள். விடியற்காலையில் அந்த மூட்டை வரை ஓடித் திரும்பினால்தான் எங்களுக்குப் பயிற்சி தொடங்கியதாக அர்த்தம். யார் கண்ணிலும் படாத ஆட்டம், யார் கண்ணிலும் படாத வள்ளுவர் என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

கோ-கோ தெரியாதவர்களுக்காக. இரண்டு கம்பங்களுக்கு நடுவே எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள். ஒன்பதாமவள் துரத்துவாள். அவள் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி 'கோ' என்றதும் தட்டு வாங்கியவள் எழுந்து ஓட வேண்டும், தட்டியவள் அவள் இடத்தில் உட்கார வேண்டும். தட்டலும் சொல்லும் ஒன்றாக விழவேண்டும், பிந்தினால் தவறு. ஆக, முதுகில் கை படுவதுதான் அந்த ஆட்டமே.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பயிற்சியாளரை மாஸ்டர் என்போம். மாஸ்டருடைய கை எதுவரை ஆட்டத்தின் கை, எங்கிருந்து வேறு கை என்று வெளியாளுக்குக் காட்ட முடியாது. எங்களுக்குத் தெரிந்தது. குந்தியிருப்பவளின் முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பார். வைத்த கையை எடுக்க மாட்டார். ஒருநாள் என் முறை வந்தபோது மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று வரை வந்தது.

முதலாண்டுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். சின்னவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். ஸ்ரீராமபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். அம்மாவுக்கு ஆயத்த ஆடை ஆலையில் வேலை. கம்பத்தைச் சுற்றித் திரும்புவதில் அந்த வேகத்தை நான் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அவள்தான் ஒருநாள் பந்துகள் வைக்கும் அறையில் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னாள். அவளுக்கு நடந்தது முதுகோடு நிற்கவில்லை.

"பிப்ரவரி வரை பொறுத்துக்கொள், போட்டி முடிந்துவிடும்" என்றேன்.

"அக்கா, உங்களுக்கும் இப்படி உண்டா?"

"இல்லை" என்றேன்.

பொய். இதைத்தான் பாவம் என்றேன்.

அவள் பொறுத்துக்கொள்ளவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டாள். ஆலையில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அந்த அம்மாவைக் காலையிலிருந்து மதியம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பணியிடத்துப் புகார்களை விசாரிக்கக் குழு வேண்டும், அதற்குப் பெண் தலைமை தாங்க வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997லேயே சொல்லியாயிற்று. எங்கள் கல்லூரியில் 2003இல் அப்படி ஒரு குழு இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மூன்று பேர் கூடினார்கள், இரண்டே நாளில் முடித்தார்கள். மாஸ்டர் ஒப்புக்கொண்டார் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டவருக்கு என்ன தண்டனை? 'சொந்தக் காரணங்களுக்காக' விலகல். அடுத்த கல்வியாண்டில் நகரின் மறுகோடியில் ஒரு பள்ளியில் அவர் விசில் ஊதிக்கொண்டிருந்ததை என் தோழி பார்த்தாள்.

எங்களுக்கு நோட்டீஸ் போர்டில் இரண்டு வரி. ஒழுங்கு காரணங்களை முன்னிட்டு மகளிர் கோ-கோ அணி கலைக்கப்படுகிறது, இவ்வாண்டு எந்தப் போட்டிக்கும் பெயர் அனுப்பப்படாது.

ஒழுங்கு காரணங்கள்! யாருடைய ஒழுங்கு? அதைப் படித்தவர்கள் எல்லோரும் பன்னிரண்டு பெண்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள். என் சித்தப்பா வீட்டுக்கே வந்து, இனி அரைக்கால் சட்டை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மைதானத்தின் இரண்டு கம்பங்களையும் பிடுங்கினார்கள். கடப்பாரையால் சுற்றித் தோண்டி, ஆட்டி ஆட்டி எடுத்து, குழியில் ஜல்லியைக் கொட்டி மிதித்தார்கள். அந்த இடத்தில் இப்போது இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. மகளிர் கோ-கோ அந்தக் கல்லூரிக்குத் திரும்ப வரவேயில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடினால்தான் பல்கலைக்கழக அணித் தேர்வாளர்களின் கண்ணில் பட முடியும். கல்லூரி பெயர் அனுப்பவில்லை என்றால் அந்த வாசலே மூடியது. முந்தின ஆண்டு எங்களிடம் தோற்ற கல்லூரியின் தலைவி பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போனாள். நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் பில் போடப் போனேன். அந்த வயிற்றெரிச்சல் முழுவதையும் யார் மேல் கொட்டினோம் என்று நினைக்கிறீர்கள்? மாஸ்டர் மேலா? முதல்வர் மேலா? அவர்கள் கைக்கு எட்டாதவர்கள். சின்னவள் எட்டினாள்.

பதினொரு பேரும் அவளோடு பேசுவதை நிறுத்தினோம். அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவள் டி.சி. வாங்கினாள். அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் என்னிடம் வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். நான் இரவல் கொடுத்த முழங்கால் உறை. துவைத்து, மடித்து, கிழிந்திருந்த ஓரத்தைத் தைத்தும் வைத்திருந்தாள். அம்மாவின் கைவேலையாக இருக்க வேண்டும், தையல் அவ்வளவு நேர்த்தி. "உங்களுடையது அக்கா" என்றாள். வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

2018 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் லாரி நாசர் வழக்கில் பெண்கள் ஒவ்வொருவராக நீதிமன்றத்தில் எழுந்து பேசிய செய்திகளை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஏழு நாட்களில் 156 பேர். அவன் ஜிம்னாஸ்டிக் பெண்களுக்கு மருத்துவன், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை. சிகிச்சை என்ற பெயரில்தான் எல்லாம் நடந்தது, சில சமயம் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பதினொன்று எண்ணிக்கை நினைவுக்கு வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, தலைவர் பதவி விலகினார். ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, எங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை என்று கைகழுவிவிட்டது.

அதே அமைப்பு ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் பென்சில்வேனியாவில் நேர்மாறாக நடந்துகொண்டது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்னாள் துணைப் பயிற்சியாளர் சிறுவர்களைச் சீரழித்தவர் என்று 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் நிரூபணமானது. மேலிடத்துக்குத் தெரிந்தே மறைத்தார்கள் என்று ஓர் அறிக்கை வந்தது. உடனே 6 கோடி டாலர் அபராதம், நான்கு ஆண்டுகள் பருவ இறுதிப் போட்டிகளுக்குத் தடை, உதவித்தொகை இடங்களில் வெட்டு, 1998 முதல் 2011 வரை பெற்ற 112 வெற்றிகள் பதிவேட்டிலிருந்து நீக்கம். தலைமைப் பயிற்சியாளரின் சிலையையும் பெயர்த்தார்கள். அங்கேயும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டார்கள்: 2012இல் ஆடும் பையன் 1998க்கு என்ன செய்வான்? கடைசியில் தடையை 2014இலேயே விலக்கினார்கள், 2015இல் வெற்றிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு அதில் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. அணியைக் கலைக்கவில்லை. 1987இல் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக அணிக்கு ஒரு பருவம் முழுவதையும் ரத்து செய்தவர்கள் அவர்கள். ஆட்டக்காரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக! பென் ஸ்டேட்டில் அதைச் செய்யாமல், போக விரும்பும் வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் உடனே ஆடலாம் என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். எங்களுக்கு 2003இல் அப்படி ஒரு வாசல் இருந்திருந்தால் சின்னவள் மீது எங்களுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நம் ஊரிலும் முடியாத காரியமல்ல. மல்யுத்தப் பெண்கள் டெல்லித் தெருவில் உட்கார்ந்த 2023ஆம் ஆண்டிலேயே, தேர்தலைக் காலத்தில் நடத்தவில்லை என்று இந்தியச் சம்மேளனத்தை உலக அமைப்பு இடைநீக்கம் செய்தது. அதற்காக வீரர்களை வீட்டில் உட்கார வைக்கவில்லை. அந்திம் பங்கால் பெல்கிரேடில் நம் கொடி இல்லாமல் இறங்கி வெண்கலம் வாங்கினார்.

கோ-கோவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டதால் இதையும் கொட்டிவிடுகிறேன். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது, நம் பெண்கள் இறுதியில் நேபாளத்தை 78-40 என்று வென்றார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை! அதே ஆட்கள் கிரிக்கெட் ஏலத்துக்கு மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பவர்கள். எங்கள் கல்லூரியில் சேரும்போது எல்லோரிடமும் விளையாட்டுக் கட்டணம் வாங்கினார்கள். அதில் கிரிக்கெட் பையன்களுக்கு வலை, முட்டை, வாழைப்பழம், போய்வர வண்டி. எங்களுக்கு மூன்று ஆண்டில் ஒரு ஜோடி கம்பம், அதையும் பிடுங்கிவிட்டார்கள். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தைத் தேவைக்கு மேல் படித்திருக்கிறேன். புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அதன் 16வது பிரிவு சொல்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட அணியைப் புகார் உறுதியான கையோடு கலைத்து நோட்டீஸ் ஒட்டினால் அவள் பெயரையே ஒட்டியதாகத்தான் ஆகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் மாணவிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்கின்றன. உங்கள் அணியோடு பி.யூ.சி. பெண்கள் யாராவது பயிற்சி எடுத்து, அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகாமல் இருந்தால், தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். அதுவும் நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை.

ஆகவே கலைத்தது சரியா என்றால், சரியில்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. கலைத்துவிட்டால் கல்லூரிக்கு வேலை முடிந்தது. யாருக்கு எப்போது தெரியும், யார் மூடினார்கள் என்று தோண்ட வேண்டியதில்லை. மிச்சத் தண்டனையை அணித் தோழிகளே புகார் கொடுத்தவளுக்குக் கொடுத்து முடிப்பார்கள். நாங்கள் அதைக் கூலி வாங்காமல் செய்து கொடுத்தோம். புதிய பயிற்சியாளர் வரும்வரை, கூடவே ஒரு பெண் ஆசிரியர் மைதானத்தில் நிற்கும்வரை, சில வாரம் பயிற்சியை நிறுத்தினால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்றே ஒரு மனு எழுதுங்கள். போட்டிக்குப் பெயர் அனுப்புங்கள், தற்காலிகமாக வேறு பயிற்சியாளரைப் போடுங்கள், முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், அந்த ஆள் வேறு எந்த இடத்துக்கும் நற்சான்றோடு போகக் கூடாது. பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து அணித் தலைவியுடையதாக இருக்கட்டும். புகார் கொடுத்த பெண்ணிடம் கேட்டுவிட்டு, அவள் விரும்பினால் மட்டும், அவளும் போடட்டும்.

அவளிடம் போய்க் கேட்க வேண்டும் என்றால் முதலில் அவளோடு பேச வேண்டும், இல்லையா? கடைசியாக எப்போது பேசினீர்கள்?