நூல் தண்ணீரில் கிடக்கையில் கண் மூடலாமா?

வணக்கம் ஐயா,

நான் துணுக்காய்ப் பக்கத்தைச் சேர்ந்தவன். கிழமை நாட்களில் வேலை இருப்பதால் சனிக்கிழமை இரவுகளில் வவுனிக்குளத்தின் அலைகரையில் தூண்டில் போடுவது என் வழக்கம். விராலுக்குத் தவளைக் குஞ்சையும், கெளிறுக்கும் விலாங்குக்கும் நாக்கிளிப் புழுவையும் கோர்த்து, மூன்று நான்கு தடிகளைக் கரையில் ஊன்றி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு மணியைக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவேன். மணி அடித்தால் எழும்புவேன். என் மாமா இதை ஒத்துக்கொள்வதில்லை. "நூல் தண்ணிக்குள்ள கிடக்கேக்க நித்திரை கொள்ளக்கூடாது, நித்திரை வந்தால் நூலைச் சுத்திப்போட்டுப் படு" என்று ஏசுகிறார். ஆனால் இலண்டனிலிருந்து வந்திருந்த சித்தப்பா, அங்கே கெண்டைக்குத் தூண்டில் போடுபவர்கள் கூடாரத்துக்குள் நன்றாக உறங்குவதாகவும், மீன் இழுத்தால் மின்மணி எழுப்பிவிடும் என்றும், அடுத்த முறை அப்படி ஒன்றைக் கொண்டுவந்து தருவதாகவும் சொல்லிச் சென்றார். குளத்து மீனவர்களும் பின்னேரம் வலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்து, விடியத்தானே எடுக்கிறார்கள்? வலைக்கு இல்லாத குற்றம் தூண்டிலுக்கு எங்கிருந்து வந்தது? விரால் உயிர் கெட்டியான மீன். சில மணி நேரம் தூண்டிலில் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது என்பது என் எண்ணம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகர், துணுக்காய்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மாமாவின் பக்கமே நான் நிற்கிறேன். இரவில் குளக்கரையில் உறங்குவதில் பிழை ஒன்றும் இல்லை. நூலைத் தண்ணீரில் விட்டுவிட்டு உறங்குவதுதான் பிழை. மாமா உங்களுடைய நித்திரையைத் தடுக்கவில்லை, நூலைச் சுற்றிவைத்த பின் படுக்கச் சொல்கிறார். அவர் சொன்னதில் நான் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் மூன்று நியாயங்களை எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு ஒழுங்காக மறுமொழி சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் விராலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுடைய பெரிய தவறான எண்ணம் அங்கேதான் இருக்கிறது. விரால் உயிர் கெட்டியான மீன் என்பது உண்மை. சந்தையில் ஈரச் சாக்கின் மேல் மணிக்கணக்காகக் கிடந்த பிறகும் அது வாலை அடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கெட்டித்தனம் அது காற்றைச் சுவாசிப்பதனால் வருவது. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே தலைக்குள் இருக்கும் ஓர் அறையில் காற்றை நிரப்பிக்கொள்வதற்காக அது அடிக்கடி நீரின் மேற்பரப்புக்கு வந்து போயாக வேண்டும். குளத்தில் விரால் மூச்செடுக்கும் சத்தத்தைக் கேட்டு அந்த இடத்தில் தூண்டில் போடுகிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போது தூண்டிலை விழுங்கிய விரால் என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நூலை இழுத்துக்கொண்டு தாமரைக் கொடிகளுக்குள்ளோ, நீரில் மூழ்கிய பட்ட மரத்தின் வேர்களுக்குள்ளோ புகுந்துவிடுகிறது. விழித்திருப்பவர் அந்த முதல் இழுப்பிலேயே தடியைத் தூக்கி மீனைத் திருப்பிவிடுவார். உறங்குபவரின் நூல் கொடியைச் சுற்றி இரண்டு முறை வளைந்து விட்டதென்றால், மேலே வர முடியாமல் அந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். தரையில் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கக்கூடிய விரால், நீருக்கடியில் கட்டுண்டு கிடந்தால் பிழைப்பதில்லை.

அப்படிச் செத்த விராலை விடியற்காலையில் நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தாமரைத் தண்டின் தோல் நூல் அறுத்த இடமெல்லாம் உரிந்து நார் நாராக நின்றது. தங்கூசி என்னும் நைலோன் நூல் வாய்க்குள்ளே போய், தொண்டையையும் தாண்டி, குடலுக்குள் இறங்கியிருந்தது. மீனின் ஒரு பக்கத்துச் செதில்கள் தண்டில் உரசி உதிர்ந்து, தோல் வெளிறியிருந்தது. நூலுக்குரியவர் அப்போதும் குளக்கட்டின் மேல் உறங்கிக்கொண்டிருந்தார். அந்த மீனை அவர் சமைத்திருக்கலாம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது சாவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு நிமிடத்தையாவது குறைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

மாரி தொடங்கியதும் விரால் குஞ்சு பொரிக்கும் காலம் வருகிறது. தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டு திரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் பெரிய விரால் ஒன்று தூண்டிலில் ஏறினால், விழித்திருப்பவர் அதை அவிழ்த்து உடனே விட்டுவிடலாம். அது திரும்பிப் போய்க் குஞ்சுகளோடு சேர்வதற்கு ஓரளவாவது வாய்ப்பு இருக்கிறது. காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்க அதிக நேரம் எடுக்காது.

அடுத்தது உங்கள் சித்தப்பா சொன்ன இங்கிலாந்து. அவர் சொன்னது பொய் இல்லை. அங்கே இரவில் கெண்டைக்குத் தூண்டில் போடுவதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1952 செப்டம்பரில் ரெட்மயர் என்ற சிறிய குளத்தில், 44 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்த ரிச்சர்ட் வோக்கர் என்பவர், தூண்டிலுக்கு மின்மணியைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். இன்று மணியும் கூடாரமும் இல்லாமல் அங்கே இரவு மீன்பிடிப்பைக் காண்பது அரிது. ஆனால் அதே நாட்டின் விதியையும் சித்தப்பா உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்: ஆளில்லாமலோ, போதிய கட்டுப்பாட்டில் வைத்திராமலோ தூண்டிலைத் தண்ணீரில் விடுவது அங்கே சட்டப்படி குற்றம். தடிக்குப் பக்கத்தில் மணியோடு உறங்குபவர் போதிய கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறாரா என்ற கேள்வியில் அங்குள்ளவர்களே ஒருமித்த கருத்தோடு இல்லை.

அதைவிட முக்கியமானது, அவர்கள் தூண்டில் கட்டும் முறை. கெண்டைக்கு அவர்கள் பாரமான ஈயத்தைக் கட்டி, அதிலிருந்து ஒரு சாணுக்குள் அடங்கும் குட்டை நூலில் முள்ளை வைக்கிறார்கள். கெண்டை இரையை உறிஞ்சிவிட்டு நகர்ந்த உடனே ஈயத்தின் பாரமே முள்ளை உதட்டில் ஏற்றிவிடுகிறது. மணி அடிக்கும் போது முள் உதட்டில்தான் இருக்கும். நூல் அறுந்தால் ஈயம் தானாகக் கழன்று விழும்படியும் கட்டுவார்கள், மீன் அதை இழுத்துக்கொண்டு திரியக்கூடாது என்பதற்காக. நீங்கள் தவளைக் குஞ்சை உயிரோடு கோர்த்து நூலைத் தளரவிட்டு வைக்கிறீர்கள். விரால் அதைக் கவ்விக்கொண்டு கொஞ்சத் தூரம் போய், பிறகுதான் விழுங்கும். விலாங்கோ புழுவை எடுத்த எடுப்பிலேயே வயிற்றுக்குள் இறக்கிவிடும். உங்கள் மணி அசையும் நேரத்தில் முள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே அவர்களுடைய மணியை மட்டும் இங்கே கொண்டுவந்து கட்டுவதால் அவர்களுடைய முறை இங்கே வந்துவிடாது.

மணி உங்களை உடனே எழுப்பும் என்பதையும் நான் நம்பவில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தடி ஆடிக்கொண்டேயிருக்கும், மணியும் ஓயாமல் கிணுகிணுக்கும். சிறிது நேரத்தில் காது அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். ஆழ்ந்த நித்திரையின் பெரும்பகுதி படுத்த முதற் சில மணி நேரத்துக்குள் வருவது. அதிலிருந்து திடுக்கிட்டு எழுப்பப்பட்டவருக்கு அறிவு தெளியச் சில நிமிடங்கள், சில வேளை அரை மணி நேரம்கூடப் பிடிக்கும். அந்த நிலையில், இருட்டில், ஈரமான கற்களின் மேல் இறங்கி நீரோரத்துக்கு ஓடுவதைத்தான் நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

வலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேள்வி நியாயமானது. வலை போடுபவர் அதில் அகப்படுவதெல்லாம் சாகும் என்று தெரிந்தே போடுகிறார். அது அவருடைய சீவனம். கண்ணின் அளவைக் கட்டுப்படுத்துவதன் மூலம், சின்ன மீன் தப்பிப் போவதற்கான ஏற்பாடு வலைக்குள்ளேயே செய்யப்பட்டிருக்கிறது. தூண்டிலுக்கு அப்படிப்பட்ட கண் எதுவும் கிடையாது. எந்த மீனை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது தூண்டிற்காரரின் கண்தான். நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையான நெக்டா குளத்தில் விட்ட ரோகுக் குஞ்சு, யப்பான் மீன் எனப்படும் திலாப்பியா, பால் ஆமை ஆகிய எல்லாம் உங்கள் புழுவைத் தேடி வரலாம். ஆமையும் விராலைப் போலவே மேலே வந்து மூச்செடுக்க வேண்டிய உயிர். ரோகு காற்றைச் சுவாசிப்பதில்லை, ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் இருக்கிறது: பாசியும் கொடியும் நிறைந்த குளத்தில், இரவு முழுவதும் செடிகளும் ஒட்சிசனை எடுப்பதால், விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். நடுச்சாமத்தில் ஏறிய மீன் போராடிக் களைத்து அந்த நேரத்தை அடையும் போது, நீங்கள் எழும்பி விட்டாலும் அது நீந்திப் போகாது.

இனி உங்கள் உயிரைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலையைத் தந்த சொற்கள் "பக்கத்திலேயே பாயை விரித்து" என்பவைதான். வன்னியின் பெருங்குளங்களில் முதலை இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூண்டிலில் ஏறிய மீன் கரையோரத்தில் துடிக்கும் சத்தம் முதலையை அழைக்கும் சத்தம். விழித்திருப்பவர் மீனை உடனே எடுத்துவிடுகிறார். உறங்குபவர் அந்த மீனைக் கரையோரத்தில் துடிக்கவிட்டுத் தாமும் அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். சிலர் நூலைக் காற்பெருவிரலில் கட்டிக்கொண்டு உறங்குவார்கள். தயவுசெய்து அதை எக்காலத்திலும் செய்யாதீர்கள். தங்கூசி நூல் இழுக்க இழுக்க இறுகுமே தவிர நெகிழாது. மறுமுனையில் இழுப்பது மீனாகத்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வெறுந்தரையில் பாயில் படுப்பதே தனியாக ஓர் ஆபத்து. இலங்கையில் கட்டு விரியன் கடிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் இரவில் தரையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். அதன் கடியில் வலி குறைவு, வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. ஏதோ எறும்பு கடித்தது என்று எண்ணித் திரும்பிப் படுத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரும், கண் இமைகள் தாமாகக் கீழே விழும், பிறகு மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும், ஏன், பாம்பு கடித்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே, விடியும் வரை காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து ஆதார வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

யானை தண்ணீர் குடிக்க வரும் பாதைகளை உங்கள் மாமா என்னைவிட நன்றாக அறிவார், அவரிடம் கேளுங்கள். மாரியில் குளம் நிரம்பி மேலதிக நீர் வழியும் வான் பாயும் இடத்துக்குக் கீழே இரவில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் அங்கே ஒரு கணமும் கண் அயரக்கூடாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்ட பின் கனகராயன் ஆறு எவ்வளவு விரைவாகப் பெருகியது என்பதைக் கிளிநொச்சி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? விரால் பொழுது படும் நேரத்திலும் விடியற்புறத்திலும்தான் நன்றாக எடுக்கும். பின்னேரம் போய் இரவு பத்து மணி வரை தூண்டில் போடுங்கள். பிறகு எல்லா நூல்களையும் சுற்றி, முட்களைக் கழற்றி, நீரோரத்தை விட்டுக் கட்டுக்கு அப்பால் உயர்ந்த இடத்துக்கு வந்துவிடுங்கள். மடிப்புக் கட்டில் ஒன்றில், நுளம்பு வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு உறங்கி, நாலரைக்கு எழும்பி மீண்டும் போடலாம். கெளிறும் விலாங்கும் நடுச்சாமத்தில்தான் எடுக்கும், அதை விட மனமில்லை என்றால், தனியாகப் போகாதீர்கள். இருவர் போய் முறைவைத்து உறங்குங்கள், விழித்திருப்பவரால் கவனிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் நூல் போடுங்கள். நான்கு தடி ஒருவருக்கு அதிகம், இரண்டு போதும். ஒரு நீண்ட மூக்குக் குறடு கட்டாயம் கையில் இருக்க வேண்டும். முள் ஆழமாகப் போய்விட்ட சின்ன மீனை விட நினைத்தால், அதை நோண்டி எடுக்க முயலாமல் நூலை வாயோரமாக வெட்டிவிடுங்கள். குடலைக் கிழிப்பதைவிட அது பிழைக்க அதிக வாய்ப்பு உண்டு. சாப்பிட எடுப்பதானால், உடனே தலையில் அடித்துக் கொன்றுவிடுங்கள்.

சித்தப்பா மின்மணி கொண்டுவந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். விழித்திருப்பவருக்கு அது நல்ல துணை. இருட்டில் எந்த நூல் இழுபடுகிறது என்று உடனே தெரியும். ஆனால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் என்னைக் கேட்டால் நல்ல தலைவிளக்குத்தான்.

இரவு முழுவதும் விழித்திருந்த பின் விடிய மீனையும் கட்டிக்கொண்டு உடனே மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். வெளிச்சம் வந்ததும் நூல்களைச் சுற்றிவைத்து, கட்டுக்கு அப்பால் ஒரு மணி நேரமாவது உறங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அந்த வீதியில் அதிகாலையில் மாடுகள் படுத்திருப்பது உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்