ஏட்டின் மறுபக்கம்

வணக்கம். மும்பை அருங்காட்சியகத்தில் ‘சாந்தாயன்’ என்ற காதல் காவியச் சுவடியின் ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். கதைநாயகன் லோரிக் கயிற்றைப் பிடித்து காதலி சாந்தாவின் மாடத்துக்கு ஏறுகிறான். அவனுக்கு மைனா என்று மனைவி இருக்கிறாளாமே, அவன் செய்வது சரியா? சூஃபி தத்துவம் என்கிறார்கள், அதுவும் பிடிபடவில்லை. கதை தெரியாமல் நிறங்களை மட்டும் ரசித்துவிட்டு வந்தேன். அது போதும்தானே?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லோரிக் செய்தது சரியா என்பதை விடுங்கள். மைனாவின் பன்னிரண்டு மாதப் புலம்பலும் அதே காவியத்தில்தான் இருக்கிறது. சூஃபி தத்துவத்துக்கு இப்போது அவசரமில்லை. ‘போதும்தானே’ என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. போதாது.

நீங்கள் பார்த்தது ஒரு புத்தகத்தின் பக்கம். 1379இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் தல்மவு ஊரில் முல்லா தாவூத் ‘அவதி’ என்ற வட இந்திய மொழியில் பாடிய காதல் கதை. பதினாறாம் நூற்றாண்டில் அதைப் பாரசீக எழுத்தில் எழுதி, ஏட்டின் மறுபக்கம் முழுக்க ஓவியம் தீட்டினார்கள். மும்பையில் இருப்பவை 68 ஏடுகள். வாசித்து, திருப்பி, பார்த்து, மறுபடி வாசிக்க வேண்டியவை. டில்லியில் ஒரு ஷேக் மசூதி மேடையிலேயே இதன் வரிகளைச் சொன்னார் என்கிறார் அக்பர் கால வரலாற்றாசிரியர் பதாயூனி. காதால் கேட்டு உருகிய கதையை ஊமைப்படமாகப் பார்த்துவிட்டுப் போதும் என்கிறீர்களே!

இதே காவியத்தின் இன்னொரு சுவடியில் மிஞ்சியவை 24 ஏடுகள். பிரிவினையில் 10 லாகூரில் தங்கின, 14 இந்தியாவுக்கு வந்தன. அவை இன்று சண்டிகரில். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வரும்.

அப்பா தீபாவளி மலர்களின் வண்ணப்படங்களை வெட்டி, கஞ்சிப்பசை தடவி ஒட்டுவார். அம்மா படித்துக்கொண்டிருந்த கதையின் கடைசிப் பக்கம் ஒரு படத்தின் பின்னால் போய்விட்டது. ‘அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்பினாளாடா?’ என்று சமையலுக்கு நடுவே கேட்பாள். எனக்குப் பதினோரு வயது. ஒருநாள் தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்தேன். படம் கிழிந்தது. எழுத்தில் பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. அம்மா திட்டவில்லை. கையில் வந்த துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இருந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

மறுபடி மும்பை போங்கள். அந்த ஏட்டின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே யாரிடமாவது கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்