மாடல் காரின் முன்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிட்டதா?

கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள், பெரும்பாலும் தேய்த்தே மீட்டுவிடலாம். 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டில் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிய முன்கண்ணாடி, காலையில் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்கிறீர்கள். அது அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி. காற்றின் ஈரம் பட்டதும் கெட்டியாகிக் கண்ணாடிமேல் படிந்துவிடுகிறது. பாடியை அடித்தட்டோடு மூடி வைத்திருந்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் இன்னும் அதிகமாகப் படியும்.

ஈரப் பஞ்சில் கொஞ்சம் வெள்ளைப் பற்பசை தொட்டு (ஜெல் வேண்டாம்) ஒரு மூலையில் மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை குறைந்தால் மேல்படிவுதான், முழுவதும் அப்படியே தேயுங்கள், உள்பக்கத்தையும் சேர்த்து. குறையாமல் விரலுக்கு மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் பிளாஸ்டிக்கே பாதிக்கப்பட்டிருக்கிறது; பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட் பட்டாலும் இப்படி ஆகும். அப்போது 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (மிக நைசான உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து, அப்புறம் பற்பசை. கை வலிக்கும், வேறு வழியில்லை.

அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் மட்டும் போகாதீர்கள். கண்ணாடியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.

அடுத்த கிட்டுக்கு, காய்ந்தால் நிறமில்லாமல் போகும் வெள்ளைப் பெவிகால் போதும். கண்ணாடி என்ன பாரமா தாங்கப் போகிறது? வழிந்தாலும் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.