மறுமொழி: மெத்தனால் ஆவி சுவரில் உறைந்துவிடுவது பற்றி
வணக்கம். திரவ நைட்ரஜனால் குளிர்வித்த கலத்தில் மெத்தனால் ஆவி சுவரில் உறைந்துவிடுகிறது, விண்வெளிக் குளிரில் அதன் வினைவேகத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் செய்முறையில் பிழையில்லை. குளிர்ந்த சுவர் இருக்கும்வரை ஆவி அதில் படியவே செய்யும். 1980களில் பிரான்சில் பெர்ட்ராண்ட் ரோவ் குழுவினர் உருவாக்கிய முறையில் அந்தச் சுவரே இல்லை: லவால் கூம்புக்குழாய் (நடுவில் குறுகிப் பின் அகலும் குழாய்) வழியே ஒலியை விஞ்சிய வேகத்தில் விரியும் மந்தவாயு, தானே குளிர்ந்து, சில நூறு மைக்ரோவினாடிகள் சீரான வெப்பநிலை கொண்ட தாரையாக நீள்கிறது, அதில் மிகச் சிறிதளவே கலந்த மெத்தனால் திரள்வதற்குள், ஒரு லேசர் துடிப்பு மெத்தனாலுடன் வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிகலை (OH என்ற, எளிதில் வினைபுரியும் மூலக்கூற்றுத் துண்டை) உண்டாக்க, மற்றொன்று அது குறைந்துவருவதை ஒளிர்வைக் கொண்டு அளக்கிறது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட அளவீட்டில், 63 கெல்வினில் மெத்தனாலும் ஹைட்ராக்சிலும் சேரும் இவ்வினை 200 கெல்வினில் நடப்பதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு விரைவாக இருந்தது. ஹைட்ரஜன் அணு ஆற்றல் தடையை ஏறாமல் ஊடுருவிச் செல்வதே (குவாண்டம் ஊடுருவல்) காரணம். ஆகவே, அறை வெப்பநிலைத் தரவிலிருந்து அர்ரீனியஸ் கோட்டை (குளிரக் குளிர வினைவேகம் குறையும் என்று காட்டும் வரைகோட்டை) குளிர்நிலை வரை நீட்டி மதிப்பிட வேண்டாம்.