‘ஆமாம், அனுப்பவில்லை’ என்பதற்கு ஆங்கிலத்தில் யெஸ்ஸா, நோவா?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் ‘ஹேவன்ட் யூ சென்ட் த சாம்பிள்?’ என்று கேட்டபோது, ‘ஆமாம், இன்னும் அனுப்பவில்லை’ என்று எண்ணிக்கொண்டு ‘யெஸ்’ என்றேன். சாம்பிள் கிளம்பிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்கும்போதும் ‘ஒய் யூ டிட் நாட் கம்?’ என்றுதான் வாயில் வருகிறது. எதிர்மறைக் கேள்விகளை இயல்பாகக் கேட்பதும் பதில் சொல்வதும் எப்படி?
– வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: தமிழில் ‘சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்கிறோம். அந்த ‘ஆமாம்’ கேட்டவருடைய ஊகம் சரி என்று ஒப்புக்கொள்ளும் சொல். ஆங்கிலத்தின் ‘யெஸ்’ கேட்டவருடைய ஊகத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் சொல்லப்போகும் வினை உடன்பாடா எதிர்மறையா என்பதை மட்டுமே பார்க்கிறது. அனுப்பியிருந்தால் ‘யெஸ், ஐ ஹேவ்’, அனுப்பாவிட்டால் ‘நோ, ஐ ஹேவன்ட்’. கேள்வி எந்த வடிவில் வந்தாலும் இதில் மாற்றமில்லை.

16-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலத்தில் இதற்கு நான்கு சொற்கள் இருந்தன. உடன்பாட்டுக் கேள்விக்கு ‘யே’, ‘நே’ என்றும், எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்றும் பதில் சொல்வது முறையாகக் கருதப்பட்டது. பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் ‘நே’ வர வேண்டிய இடத்தில் ‘நோ’ என்று எழுதிவிட்டார் என்று ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் 1532-இல் அச்சிலேயே கண்டித்தார். ஆக, பழைய ‘யெஸ்’ எதிர்மறைக் கேள்வியை மறுப்பதற்கென்றே இருந்த சொல். ‘அனுப்பவில்லையா?’ என்பவரிடம் நாம் ‘இல்லையே, அனுப்பிவிட்டேனே!’ என்கிறோம் அல்லவா, அந்த ‘இல்லையே’தான் அது. உங்கள் வாடிக்கையாளர் காதில் விழுந்ததும் அதுவே. தொலைபேசியில் தடுமாற்றம் வரும்போது இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு ‘நாட் யெட்’ என்று சொல்லிவிடுங்கள், ஐயத்துக்கு இடமிருக்காது.

இனி கேட்கும் முறை. ‘ஏன் நீங்கள் வரவில்லை?’ என்ற தமிழ் வரிசையை அப்படியே வைப்பதால்தான் ‘ஒய் யூ டிட் நாட் கம்?’ பிறக்கிறது. துணைவினையையும் ‘நாட்’டையும் ஒரே சொல்லாகச் சேர்த்து, ‘யூ’வுக்கு முன்னால் வையுங்கள்: ‘டிடன்ட் யூ கம்?’, ‘ஒய் டிடன்ட் யூ கம்?’ சேர்க்காமல் சொல்வதானால் ‘நாட்’ பின்னால் போய்விடும்: ‘டிட் யூ நாட் கம்?’ இது தவறன்று; ஆனால் அன்றாடப் பேச்சில் கனமாக, சில வேளை விசாரணை போல ஒலிக்கும். ‘டிட் நாட் யூ கம்?’ என்று இன்று எவரும் பேசுவதில்லை. ‘ஐ ஆம்’ மட்டும் விதிவிலக்காக ‘ஆரன்ட் ஐ?’ என்று மாறும்.

இலக்கணம் சரியாக இருந்தும் தொனி பிசகுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ‘வோன்ட் யூ சிட் டவுன்?’ என்பது ‘உட்காருங்களேன்’ என்பதற்கு இணையான உபசரிப்பு. அதே அமைப்பில் உள்ள ‘கான்ட் யூ வெயிட்?’ என்பதோ ‘கொஞ்சம் பொறுக்க முடியாதா?’ என்ற எரிச்சல். எதிர்மறைக் கேள்வி பெரும்பாலும் கேட்பவர் முன்பே ஒன்றை எதிர்பார்த்திருந்தார் என்பதைக் காட்டிவிடும். ‘டோன்ட் யூ நோ?’ என்றால் ‘இதுகூடத் தெரியாதா?’ என்று படலாம். நாளை அதே வாடிக்கையாளரிடம் பணம் பற்றி நீங்கள் ‘ஹேவன்ட் யூ சென்ட் த பேமென்ட்?’ என்று கேட்டால், ‘இன்னுமா அனுப்பவில்லை?’ என்றே அவர் கேட்டுக்கொள்வார். தகவல் மட்டும் வேண்டுமென்றால் ‘ஹேவ் யூ சென்ட் த பேமென்ட்?’ என்று உடன்பாட்டிலேயே கேளுங்கள்.