ஐசியூவில் கையைக் கட்டுவது: கேள்வியும் பதிலும்

ஐசியூ நர்ஸ்கள் நோயாளியின் கையை ஏன் கட்டுகிறார்கள், கட்டும்போது என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு, அதே வேலை பார்ப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கட்டும்போது மனசு உறுத்துகிறது. சீனியர்களோ "நோயாளி தொண்டையில் இருக்கும் மூச்சு டியூப்பைப் பிடுங்கினால் நீதான் பதில் சொல்லணும்" என்கிறார்கள்.

உறுத்தட்டும், நல்லதுதான். சார்ட்டில் "நோயாளியின் பாதுகாப்புக்காக" என்று எழுதுகிறோம். அதில் பாதி நம்முடைய பயம். டியூப் வெளியே வந்ததும் "ஏன் கட்டவில்லை?" என்றுதான் கேட்பார்கள், வலிக்கு மருந்து கொடுத்தாயா என்று யார் கேட்கிறார்கள்?

கட்டினால் டியூப் பிடுங்குவது நிஜமாகவே குறையுமா? (நர்சிங் மாணவி)

குறையும் என்று நம்பித்தான் எல்லோரும் கட்டுகிறோம். ஆனால் தானே டியூப்பைப் பிடுங்கியவர்களில் நிறையப் பேர் அந்த நேரத்தில் கட்டப்பட்டுத்தான் இருந்தார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்கெனவே முரண்டு பிடிப்பவரைத்தானே கட்டுகிறோம், அதனால் கட்டியதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் கவனித்துப் பாருங்கள்: கை முகத்துக்கு எட்டாவிட்டால், உடம்பைக் கீழே சரித்து, கழுத்தை வளைத்து, முகத்தைக் கைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2018இல் வந்த அமெரிக்கத் தீவிர சிகிச்சை வழிகாட்டுதலும், கட்டுவதன் பலனைச் சரியாகச் சோதித்த ஆய்வு அதுவரை இல்லை என்றே சொன்னது. பிரிட்டனில் கட்டுவது அபூர்வம். அங்கே வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்குப் பொதுவாக ஒரு நர்ஸ் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் இரண்டு கையையும் கட்டியிருந்தார்கள். எங்களிடம் சொல்லவே இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். ஏன் கட்டினீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். நீங்களாக அவிழ்க்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்கலாம். அவருடைய கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள். இடம், நாள், நேரத்தை அடிக்கடி சொல்லுங்கள். டெலிரியம் என்ற மனக்குழப்பத்தில் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

நைட் ஷிப்ட், இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகள், நான் ஒருத்தி. கட்டாமல் எப்படி?

முதலில் ஏன் துடிக்கிறார் என்று பாருங்கள். வலியா, சளியா, ஆக்சிஜன் குறைகிறதா? சிறுநீர்க் குழாய் மடங்கி வயிறு முட்டிக்கொண்டிருக்கிறதா? இந்தக் கடைசி ஒன்றை நாம் மறந்தே போகிறோம். டிரிப்ஸ் ஏறும் ஐவி லைனை முழங்கைக்கு மேலே கொண்டுபோய்ச் சட்டைக் கைக்குள் மறைத்துவிடுங்கள். அப்புறம் காலை ரவுண்ட்ஸில், எந்தக் குழாய் இனித் தேவையில்லை என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லாத குழாயை யாரும் பிடுங்க முடியாது.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் முதலில் கையுறை மாதிரியான மிட்டன். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் டாக்டர் ஆர்டரோடு, இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாக, கட்டில் சட்டத்தில் கட்டுங்கள். பக்கக் கம்பியில் வேண்டவே வேண்டாம். இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, கையை அசைத்து, விரல் நிறமும் சூடும் பாருங்கள். ஆள் பற்றாக்குறையால் கட்டினீர்கள் என்றால் மேலிடத்துக்கு அதை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காலையில் காணாமல் போய்விடும்.

கட்டுவதற்குப் பதில் மயக்க மருந்தை ஏற்றிவிட்டால்?

அதுவும் கட்டுதான், கயிறு தெரியாது, அவ்வளவே. மிடசோலம் போன்ற மருந்துகள் டெலிரியத்தைக் கூட்டலாம். ஆழ்ந்த மயக்கம் வென்டிலேட்டர் நாட்களையும் நீட்டும்.